முதலில் வர வேண்டிய பெயர்

தருமபுரி டவுனில் ஒரு பல் மருத்துவமனையின் வெப்சைட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் யாராவது பல்வலி என்று போனில் தேடினால் இந்த மருத்துவமனை முதலில் வர வேண்டும், அதுதான் என் வேலை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் கற்றுக்கொண்டது. ஊரடங்கில் ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து, ரோட்டுக்குத் தெரிகிற மாதிரி போர்டு மாட்டி, டைல்ஸ் கடை, நர்சரிப் பள்ளி, கல்யாண மண்டபம் என்று வந்தவர்களையெல்லாம் தேடலில் மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனை முதலிடத்துக்கு வந்ததைக் காட்ட ஒரு நாள் போயிருந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் தன் போனை எடுத்து அவளும் தேடிப் பார்த்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவள். நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, ஆஸ்பத்திரிய மேல கொண்டாந்த மாதிரி ஒரு ஆளையும் கொண்டார முடியுங்களா?”

“யாரை?”

“எங்க தம்பிய.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி என் அறைக்கு வந்தாள். தம்பி வீட்டை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இன்ஜினியரிங் படிக்கிறான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்க, அவன் காலேஜுக்குப் போவதையே விட்டிருந்தான். அது அப்பாவுக்குத் தெரிந்தது ஒரு சந்தை நாளில். காரிமங்கலம் சந்தையில், தெரிந்த ஜனம் அத்தனை பேர் முன்னாலும் அவர் செருப்பைக் கழற்றி அவனை அடித்தார். அவன் கையைக்கூடத் தூக்கவில்லையாம். கீழே விழுந்த தக்காளிப் பையை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான். அதோடு சரி. போன் அணைந்தது அணைந்ததுதான். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். தெரிந்த இடமெல்லாம் போய்ப் பார்த்தார்கள்.

அவன் போன மறு வருடம் அம்மா இறந்துவிட்டார்.

“அவனுக்கு அது தெரியாதுக்கா” என்றாள். “என்னிக்காவது ஒரு நாள் அவன் பேரை அவனே நெட்ல அடிச்சிப் பாப்பான் இல்லீங்களா? எல்லாரும் பாக்கறதுதானே. அன்னிக்கு நான் முதல்ல வரணும்.”

அவன் பெயரை நான் தேடிப் பார்த்தேன். அவன் பிறந்த சமயத்தில் இந்தப் பக்கம் பிறந்த பையன்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான். ஒரு கட்சிக்காரர் வந்தார், கல்யாண போட்டோகிராபர் வந்தார், பரீட்சை முடிவுகள் வந்தன. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன். எங்குமே இவன் இல்லை. ஒரு மனிதன் இருபது வருடம் ஒரு ஊரில் வாழ்ந்ததற்கு இணையத்தில் சுவடே இல்லை.

அவனுக்காக ஒரு சின்ன வெப்சைட் போட்டோம். போட்டோ, பெயர், ஊர், அக்காவின் நம்பர். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே இரண்டு வரி வருமே, அதற்கு என்ன எழுதுவது என்பதில்தான் நேரம் போனது. அம்மா இறந்ததை அங்கேயே போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“வேணாங்க்கா. அவன் எங்கயாவது வேலைல நின்னுக்கிட்டே பாப்பான். உள்ள வந்து படிக்கட்டும். வெளிய போடாதீங்க.”

வெளியே ‘அக்கா பேசுகிறேன், உள்ளே வா’ என்று போட்டோம்.

பக்கத்தைப் போட்டால் மட்டும் மேலே வந்துவிடாது. நாலு பேர் வந்து போகிற இடத்தைத்தான் தேடுபொறி முன்னால் நிறுத்தும். காணாமல் போன ஒருவனின் பக்கத்துக்கு யார் வருவார்கள்? அவனுக்கு எதில் ஆசை என்று கேட்டேன். வழக்கமாக டைல்ஸ் கடைக்காரரிடம் கேட்கிற கேள்வி அது: ஆட்கள் எதைத் தேடிக்கொண்டு வருவார்கள்? அவள் கொஞ்சம் யோசித்து, “பஸ்சு” என்றாள்.

அவனுக்கு பஸ் பைத்தியம். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்று பிரைவேட் பஸ்களை வீடியோ எடுப்பான். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த பஸ் என்று சொல்லிவிடுவான். பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸின் டிரைவர்கள் அத்தனை பேரையும் தெரியும். காலேஜுக்குப் போகாத நாட்களிலெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறான்.

அங்கிருந்து எங்களுக்கு வழி கிடைத்தது. இந்த மாவட்டத்தில் பஸ் நேரத்தை ஒழுங்காகச் சொல்லும் வெப்சைட் ஒன்றுகூட இல்லை. அவன் ஏறி இறங்கிய ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு பக்கம் எழுதினோம். அவள் லீவு நாட்களில் பஸ் ஸ்டாண்டில் நின்று நேரம் விசாரித்து வருவாள். பஸ்ஸையும் போட்டோ எடுத்து வருவாள். நான் பக்கம் கட்டுவேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவன் படமும், அவன் பக்கத்துக்குப் போகும் வழியும் இருக்கும். அரூர் பஸ் எப்போது என்று பார்க்க வருகிறவன் அவன் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் போவான்.

ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பஸ் பக்கங்கள் முதலில் ஏறின. பிறகு, அவற்றைப் பிடித்துக்கொண்டு, அவன் பெயர் ஏறியது. மூன்றாம் பக்கத்திலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு. போட்டோகிராபரைத் தாண்டினான். ஒரு காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து பெயரை அடித்தேன். கட்சிக்காரருக்கும் மேலே அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு போன் செய்தேன். பின்னால் யாரோ பல்வலியில் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த ஆள் வர ஆரம்பித்தார்.

வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஊர்கூட உத்தேசம்தான். பஸ் பார்க்க வருகிறவர்கள் பஸ் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு போன் மட்டும் நேராக அவன் பெயரைத் தேடி, அவன் பக்கத்துக்கே வந்தது. விலை குறைந்த ரகம், ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது. முதலில் அனந்தபூர் என்று காட்டியது. பிறகு கர்னூல். பிறகு நாக்பூர். பக்கத்தின் கடைசி வரி வரை போய், அம்மாவைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனது. திரும்பத் திரும்ப வந்தது.

இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். ஆனால் சொல்லாமல் இருக்க எனக்கு என்ன உரிமை? சொன்னேன். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“அவந்தான்க்கா.”

“யாரா வேணா இருக்கலாம்.”

“வேற யாருக்குக்கா எங்கம்மா செத்ததைத் திரும்பத் திரும்பப் படிக்கணும்?”

அந்த ஊர்களெல்லாம் ஒரே ரோட்டில் இருப்பதைக் காட்டினேன். என் ஜன்னலுக்கு வெளியே போகிற அதே ரோடு. “அப்ப லாரிலதான் போறான்” என்றாள். “எங்கப்பா மாதிரியே லாரிக்கே போய்ட்டான் பாருங்க.” அப்பா வடக்கே லோடு அடிக்கிற டிரைவர் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். வீட்டில் அவர் முன்னால் தம்பி பெயரை எடுக்கக்கூடாது. இப்படி ஒரு வெப்சைட் போட்டிருக்கிறோம் என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டாராம்.

அவள் அந்தப் பக்கத்தை மாற்றி எழுத ஆரம்பித்தாள். முன்பு அது உலகத்துக்கு எழுதிய அறிவிப்பு மாதிரி இருந்தது. இப்போது அது ஒரே ஒரு ஆளிடம் பேசியது. ‘கர்னூல்ல வெயில் ஜாஸ்தியா இருக்கும், தண்ணி நெறையக் குடி.’ ‘நாக்பூர்ல குளிருமே, போர்வை வெச்சிருக்கியா?’ ‘நம்ம தென்னை காய்ச்சிருச்சி.’ போனில் சொல்வாள், நான் ஏற்றுவேன். இரண்டொரு நாளில் அந்த ஆள் வருவார். முன்பைவிட அதிக நேரம் இருப்பார். ஒருமுறை ‘மூஞ்சி கழுவிட்டுத் தூங்கு’ என்று எழுதியிருந்தோம். மறுநாளே அந்த போன் வந்து, போய், உடனே திரும்பவும் வந்திருந்தது.

என்னையும் அது பிடித்துக்கொண்டது. காலையில் மற்ற வேலை எதையும் தொடாமல் அதைத்தான் பார்ப்பேன். பேக்கரியில் டீ குடிக்கும்போது லாரிகளின் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற பையன்களின் முகத்தைப் பார்ப்பேன். அறையில் தனியாக இருக்கும்போது அவன் பெயரை நானே சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பார்த்தே இராத ஒருவன், ஜன்னலுக்கு வெளியே தினமும் போய்வருகிற மாதிரி இருந்தது.

தேடுபொறி தன் விதிகளை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். காரணம் சொல்லாது. அப்படி ஒரு மாற்றம் வந்த வாரம், என் எல்லா வெப்சைட்டுகளும் சரிந்தன. மண்டபம் போனது, டைல்ஸ் போனது. அவன் பெயரும் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பகல் நேரத்தில், ஒரு லாரி எதிர்ப்பக்கம் ஓரங்கட்டியது. காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டே ரோட்டைக் கடந்து, மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். சட்டை முழுக்க வியர்வை.

“மேடம், அந்த பஸ்சு டயமெல்லாம் போடறது நீங்கதானுங்களா? அதுக்கு அடியில உங்க ஆபீஸ் பேரு போட்டிருக்குன்னு எங்க கிளீனர் பையன் படிச்சிச் சொன்னான். இந்த வழியாத்தான் போய் வரேன், போர்டு பாத்திருக்கேன்.”

“ஆமாங்க. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. போனை நீட்டினார். “எனக்கு எழுதத் தெரியாது. மைக்க அமுத்திப் பேரைச் சொன்னா முதல்ல வரும். அதைத் தொடுவேன். எப்பவும் அதான் வரும். இன்னிக்கிக் காலைல தொட்டேன்...”

போனில் ஒரு கண்ணீர் அஞ்சலி இருந்தது. அதே பெயர், அதே இனிஷியல். நடுவில் ஒரு வயதானவரின் படம். வேறு யாரோ, வேறு மாவட்டம்.

“படம் வர்றதுக்கு நேரமாச்சிங்க. எழுத்துதான் மொதல்ல வந்துச்சி. எழுதத்தான் தெரியாது, எங்க பையன் பேரை எங்க பாத்தாலும் தெரியும். பிரேக்கப் போட்டு ரோட்லயே நின்னுட்டேன். அப்புறம்தான் கிழவன் மூஞ்சி வந்துச்சி.” கொஞ்சம் நிறுத்தி, “இதை மேல இருந்து எடுத்துருங்கம்மா. பழையபடி எங்க பையனக் கொண்டாந்துருங்க” என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அனந்தபூர், கர்னூல், நாக்பூர். அந்த போன் இதுதான்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு உட்கார்ந்தார். தானாகப் பேசினார். “வூட்ல அந்தப் பேரை நாஞ் சொல்றதில்ல. வண்டிலதான் சொல்லுவேன். இந்தப் போனுகிட்ட. கிளீனர் பையன் இருந்தா அவனையே படிக்கச் சொல்லுவேன், இல்லன்னா போனே படிக்கும், பொம்பள குரல்ல. எங்க வூட்டுக்காரி செத்ததை எங்க பொண்ணு எழுதியிருக்குதே, அந்த எடம் வரைக்கும் கேப்பேன். அன்னிக்கி நான் லோடுல இருந்தேன், மேடம். கடேசி நாள்ல எப்பிடி இருந்தா, என்ன பேசினா, எல்லாம் அதுலதான் தெரிஞ்சிக்கிட்டேன்.”

பிறகு அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. சிரிப்பு என்றே சொல்லலாம்.

“எங்க பொண்ணு நேர்ல எங்கிட்ட பேசாது. ஆனா அதுக்கு எப்பிடியோ தெரிஞ்சிருக்கு, நான் கேக்கறேன்னு. கர்னூல்ல நிக்கறேன், கர்னூல்ல தண்ணி குடின்னு எழுதியிருக்குது. போர்வை இருக்கான்னு கேட்டிருக்குது. அன்னிக்கே நாக்பூர்ல ஒரு போர்வை வாங்கிட்டேன்.”

இதை அவர் வாயால் கேட்டபோது எனக்கு ஏற்பட்டதை என்னவென்று சொல்ல? சொல்லாமல் விட்டால் அவரவர் நினைப்பில் இரண்டு பேரும் சுகமாக இருப்பார்கள். ஆனால் அந்தப் பெண் அடுத்த வாரமும் வந்து, ‘எந்த ஊர்ல இருக்கான்க்கா?’ என்று கேட்பாள். என்ன சொல்வேன்?

“ஐயா” என்றேன். “அது நீங்கன்னு அவளுக்குத் தெரியாதுங்க. தம்பின்னு நெனச்சித்தான் எழுதிட்டிருக்கா.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அவர் லாரியைப் பார்த்து யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் எழுந்தார்.

“நானே சொல்லிக்கறேன்” என்றார். “நீங்க அவனை மட்டும் மேல கொண்டாங்க.”

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். அப்பா சொல்லிவிட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது. வந்து உட்கார்ந்தவள் வெகுநேரம் என் மேஜை மேலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அவன் உசுரோட இருக்கான்னு நெனச்சித் தூங்கிட்டிருந்தேங்க்கா. தண்ணி குடிப்பான், போர்வை வாங்கியிருப்பான்னு. இப்ப எல்லாத்தையும் எங்கப்பா வாங்கிட்டுப் போயிட்டாரு.”

“அவரும் பாவம்தான்.”

“பாவந்தான். எனக்குத் தெரியாமயா? ஆனா எனக்கு அது தம்பியா இருந்துச்சில்ல.”

அழுதாள். நான் தடுக்கவில்லை. போகும்போது, எந்த ஊரிலிருந்து யார் வந்தாலும் இனி தன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சில மாதங்கள் அவள் வரவில்லை. நான் பாட்டுக்கு பஸ் நேரங்களைத் திருத்தினேன், பழைய பக்கங்களைச் சீர்செய்தேன். அவன் மெதுவாக மேலே வந்தான். நாக்பூரிலிருந்து வருகிற போன் மட்டும் வருவதே இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பொங்கலுக்கு முன்பு அவளே போன் செய்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது. சோலாப்பூரிலிருந்து ஒரு ஆள் பேசினாராம். நம்ம பக்கத்துக்காரர், அங்கே கட்டட வேலை. பண்டிகைக்கு ஊர் வருவதற்காக, பெங்களூரிலிருந்து தருமபுரி வந்து இறங்கினால் அரூருக்கு பஸ் எப்போது என்று தேடியிருக்கிறார். அடியில் இருந்த படத்தைப் பார்த்திருக்கிறார். இந்தப் பையனை எனக்குத் தெரியுமே என்றாராம். அங்கே ஒரு மெஸ்ஸில் வேலை பார்த்தவன்.

அப்பாவும் மகளும் சேர்ந்து கிளம்பினார்கள். அவர் அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலில் போனது அதுதான் முதல் தடவையாம். வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. ஆனால் அவர் இறங்கி இறங்கி டீ வாங்கி வந்து கொடுத்தார் என்றாள்.

அவன் அங்கே இல்லை. போன வருடமே வேறு வேலைக்கு என்று சொல்லிப் போய்விட்டான். பூனாவா, அதற்கும் அந்தப் பக்கமா, மெஸ்காரருக்குத் தெரியவில்லை. ஆனால் படத்தைப் பார்த்ததும் அவர் தலையாட்டினார். நல்ல பையன், காலையில் முதல் ஆளாக எழுந்துவிடுவான், யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டான் என்றார். அவன் படுத்த இடத்தைக் காட்டினார். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச். இப்போது அங்கே வேறொரு பையனின் பை இருந்தது. அப்பா அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அவளும் எழுப்பவில்லை.

ஊர் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே என் அறைக்கு வந்தார்கள். நான் அவனுடைய பக்கத்தைத் திறந்து, சோலாப்பூர் விஷயத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

“சேக்கலாம்க்கா. ஆனா இன்னொண்ணு இருக்கு” என்றாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த மெஸ்காரரு படத்தைப் பாத்துட்டு ஒரு பேரு சொன்னாரு. எங்க தம்பி பேரு இல்ல. அங்க எல்லாருகிட்டயும் அவன் வேற பேருதான் சொல்லியிருக்கான்.”

“என்ன பேரு?”

“எங்கப்பா பேருக்கா.”

கீழே பேக்கரியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சந்தையில் அத்தனை பேர் முன்னால் செருப்பால் அடித்தவரின் பெயரைத்தான் அவன் தனக்கு வைத்துக்கொண்டு போயிருக்கிறான். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனை யாரோ இலை எடுக்கக் கூப்பிட்டிருப்பார்கள், இப்போதும் எங்கேயோ கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

“அப்பா பேரையும் மேல கொண்டு வரணுங்க்கா” என்றாள். “அதுலயும் நாங்க முதல்ல வரணும்.”

நான் தேடல் பெட்டியைத் திறந்தேன். பெரியவரைக் கேட்டேன், “ஐயா, உங்க முழுப் பேரைச் சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். அவள் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். குடித்துவிட்டு, தன் போனிடம் பேசுகிற மாதிரி கம்ப்யூட்டருக்கு அருகில் குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.